1974-ஆம் ஆண்டுக் காற்று பற்றிய விசாரணை

பரோயே தீவுகளின் முதல்நிலைக் கால்பந்து லீக்குக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. இத்தனை வருஷத்தில் எங்கள் ஸ்கார்விக் ஊர் ஒரே ஒரு முறைதான் பட்டம் வென்றது, 1974-இல். இருநூற்றுப் பதினான்கு பேர் வாழும் ஊருக்கு ஒரு பட்டம் போதும். ஊருக்குள் வரும் சுரங்கப்பாதையின் வாயிலில் அதைப் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறோம். காற்று பலகையைக் கொண்டுபோகும்போதெல்லாம் புதிது செய்து மாட்டுவோம். இதுவரை பதினேழு பலகை ஆகியிருக்கிறது.

அந்தப் பட்டத்தைத்தான் சென்ற வருஷம் லீக் அலுவலகம் விசாரணைக்கு எடுத்தது. காரணத்தைக் கேட்டால் உங்களுக்கே நியாயமாகப் படும்.

பெரிய நாட்டு லீக்குகளில் இப்போது நடுவருக்குச் சந்தேகம் வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் படம் போட்டுப் பார்க்கிறார்கள். நாம் மட்டும் பார்க்காமலிருந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? ஆகவே நாங்களும் கேமரா வாங்கி உயரமான கம்பத்தில் ஏற்றினோம். மூன்றாம் நாள் காற்று அதைக் கழற்றிக் கடலில் போட்டது. மிச்சமிருந்த கேமராக்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஆனால் படம் பார்ப்பதற்கென்றே நியமித்த குழுவைப் பெட்டியில் வைத்துப் பூட்ட முடியாதல்லவா? நடக்கிற ஆட்டத்தைப் பார்க்க வழியில்லாததால், நடந்து முடிந்த ஆட்டங்களைப் பார்ப்பதென்று குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. 'வரலாற்றுத் தூய்மைக் குழு' என்று தனக்குத் தானே பெயரும் சூட்டிக்கொண்டது.

குழுவின் தலைவர் பௌர்தூர். சின்ன நாடு, ஆள் குறைவு, அதனால் ஒருவரே நாலு நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கிறது. வானிலைப் பதிவேடுகளின் பொறுப்பாளரும் அவர்தான், மேல்முறையீட்டு அதிகாரியும் அவர்தான். போதாக்குறைக்கு எங்கள் ஊர் ஹானுஸ் பெரியவருக்கு மனைவி வழியில் மருமகன் முறை வேறு.

ஹானுஸுக்கு எழுபத்தேழு வயது. 1974-இன் கடைசி ஆட்டத்தில் எய்ஸ்டுர்நெஸ் அணிக்கு எதிராகப் பெனால்டி அடித்துப் பட்டத்தை வாங்கித் தந்தவர். அதற்கு முன்னும் பின்னும் அவர் மீன் பிடித்தார், ஆட்டு ரோமம் கத்தரித்தார், அவ்வளவுதான். ஊரில் அவரைக் 'கோல்காரர்' என்றுதான் சொல்வோம். அந்தக் கோலை எடுத்துவிட்டால் மனிதரிடம் மிஞ்சுவது ஒரு படகும் மூட்டுவலியும்தான்.

கழகச் செயலாளர் என்ற முறையில் கடிதம் எனக்குத்தான் வந்தது.

"மேற்படி ஆட்டத்தின் 88-ஆம் நிமிடத்தில், மேற்படி பந்தைத் தங்கள் கழகத்து ஸாமல் என்பவர் தரையில் படுத்து ஒற்றை விரலால் பிடித்துக்கொண்டிருந்ததாகத் தெரியவருகிறது. பலத்த காற்று வீசினாலன்றிப் பந்தைப் பிடிக்க விதியில் இடமில்லை. மேற்படி நாளில் மேற்படி காற்று வீசியமைக்கான ஆதாரத்தை உடன் சமர்ப்பிக்கவும்."

எங்கள் தீவுகளில் பெனால்டிப் புள்ளியில் பந்தை வைத்துவிட்டு நாலு அடி பின்னால் நடந்தால், பந்தும் கூடவே நடந்து வரும். அதனால் ஒருவர் படுத்துப் பிடிக்க, இன்னொருவர் அடிப்பது வழக்கம். ஹானுஸுக்கு எப்போதும் பிடித்தவர் ஸாமல். இரண்டு பேரும் ஒரே படகு.

விசாரணைக்குப் பௌர்தூரே எங்கள் கழகக் கட்டடத்துக்கு நேரில் வந்தார். காப்பி கொடுத்தோம்.

"காத்து அடிச்சதுக்கு ஆதாரமா?" என்றார் ஹானுஸ். "வெளிய போய் நில்லுடா. ஆதாரமே வந்து உன் தொப்பியக் கழட்டும்."

"அது இன்னைக்குக் காத்து, மாமா. எனக்கு வேண்டியது எழுபத்திநாலாம் வருஷத்துக் காத்து."

"பதிவேடு உங்கிட்டதானே இருக்கு?"

"குழுத் தலைவருங்கற முறையில வானிலைப் பொறுப்பாளருக்குக் கடிதம் எழுதியிருந்தேன். ஆறு வாரம் கழிச்சுத்தான் பதிலே வந்துது."

"அந்தப் பொறுப்பாளரே நீதானேடா!"

"ஆமா மாமா. தாமதத்துக்கு வருத்தம் தெரிவிச்சிருக்காரு." பௌர்தூர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "அன்னைக்கு மத்தியானம் ரெண்டு மணிலேர்ந்து காத்தோட வேகம் பூஜ்யம்."

ஸாமல் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "ரெண்டு மணிக்குக் காத்து அந்தக் கருவியையே பிடுங்கிட்டுப் போயிடுச்சேய்யா! எங்க ஆட்டுப்பட்டிலதான் வந்து விழுந்துது. அப்புறம் பூஜ்யம் காட்டாம வேற என்ன காட்டும்?"

"கருவி பறந்து போனதுக்குப் பதிவு இல்லையே."

"எப்படிய்யா இருக்கும்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். பதியறதுக்குக் கருவி வேணுமில்ல?"

ஸாமல் கடைசி அஸ்திரமாகத் தன் வலதுகை ஆள்காட்டி விரலை நீட்டினார். அது நடுவில் ஒடிந்து, வீட்டு எண் கேட்டால் பக்கத்து வீட்டைக் காட்டும்.

"இது ஆதாரம் இல்லையா? அன்னைக்கு ஹானுஸ் அண்ணன் அடிச்ச அடியில ஒடிஞ்சது. காத்து இல்லாமலா நான் சேத்துல படுத்துக்கிட்டுப் பந்தப் புடிச்சேன்?"

பௌர்தூர் விரலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துக் குறித்துக்கொண்டார். "ஆக, உதைக்கும்போது விரல் பந்து மேலதான் இருந்திருக்கு. கால் படறதுக்கு முன்னால விரல எடுத்துடணும்ங்கறது விதி. அப்ப இது கைப்பிழையாச்சே."

ஸாமல் விரலைச் சட்டென்று பைக்குள் விட்டுக்கொண்டார். "அன்னைக்கு ஒடியல. பொறக்கும்போதே இப்படித்தான்."

"அப்ப நீங்க புடிச்சதுக்கே ஆதாரம் இல்லாமப் போயிடுதே."

அப்போதுதான் ஹானுஸின் மனைவி துரித் அம்மாள் ஒரு துணிமூட்டையை மேசைமேல் வைத்தார். உள்ளே ஓர் ஆட்டுத் தொடை. 1974 இலையுதிர்காலத்தில் காற்றில் உலரத் தொங்கவிட்டது. வெற்றியின் ஞாபகமாக ஐம்பது வருஷம் வெட்டாமல் வைத்திருந்தார்.

"காத்தில்லாம கறி காயுமா? நீயே சொல்லுப்பா," என்றார்.

கறிக்கு எங்கள் நாட்டில் மரியாதை உண்டு. பௌர்தூர் அதைச் 'சான்று எண் நான்கு' என்று எழுதி, கத்தியால் ஒரு சீவல் சீவி, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்றார். "நல்லாக் காஞ்சிருக்கு அத்தை. ஆனா இது அந்த வருஷத்துக் காத்துதான். அந்த மத்தியானத்துக் காத்துன்னு கறி சொல்ல மாட்டேங்குதே."

ஆனாலும் மனிதர் ஈவிரக்கம் இல்லாதவரல்ல. ஒரு வழி சொன்னார். பெனால்டியை மறுபடி அடித்துக் காட்டலாம். அதே ஆள் அடிக்க வேண்டும், அதே கோல்கீப்பர் தடுக்க வேண்டும், பதிவேட்டில் உள்ள அதே காற்று வீச வேண்டும். அதாவது பூஜ்யம்.

நாங்கள் உடனே கையெழுத்துப் போட்டோம். காற்றில் அடித்தவருக்குக் காற்றில்லாமல் அடிப்பது பெரிய காரியமா? இப்போது யோசித்தால் என்னையே நான் அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது.

பிறகு காற்று நிற்பதற்காகக் காத்திருந்தோம். ஒரு வாரம், இரண்டு வாரம், ஏழு வாரம். வரலாறு முடிவாகும்வரை நடப்பு ஆட்டங்களையும் நிறுத்திவைக்கும்படி குழு உத்தரவிட்டது. அஸ்திவாரம் ஆட்டங்காணும்போது மாடியில் பந்து விளையாட முடியாது என்று விளக்கமும் சொன்னார்கள். நாடே எங்கள் ஊரைத் திட்டியது. வானொலியில் தினமும் காலை மீன் நிலவரத்துக்கு அடுத்தபடியாக, "இன்றும் காற்று, நாளை நிற்கலாம்" என்று அறிவித்தார்கள். தேவாலயத்தில் காற்று நிற்க ஜெபம் நடந்தது. பாதிரியாரின் அங்கி ஜெபம் முழுக்கப் பறந்துகொண்டே இருந்தது.

ஜூன் பத்தொன்பதாம் தேதி காலை பதினொரு மணிக்குக் காற்று நின்றது. முதலில் எல்லோருக்கும் பயமாகத்தான் இருந்தது. நாய்கள் குரைத்தன. காது அடைத்துவிட்டதென்று இரண்டு பேர் வைத்தியரிடம் போனார்கள். பிறகுதான் விஷயம் புரிந்து, மூன்று படகிலும் நாற்பது காரிலுமாக நாடே எங்கள் மைதானத்துக்கு வந்து சேர்ந்தது.

எய்ஸ்டுர்நெஸ் கோல்கீப்பர் மிக்யாலுக்கு எழுபத்தொன்பது வயது. கோல்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஹானுஸ் பந்தைப் புள்ளியில் வைத்தார். ஸாமல் வழக்கம்போலப் படுக்கப் போனார்.

"நீங்க வேண்டாம்," என்றார் பௌர்தூர். "காத்துதான் இல்லையே."

"அவன் புடிக்காம எனக்கு அடிக்க வராதுடா," என்றார் ஹானுஸ். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை.

"விதி மாமா."

ஸாமல் கோட்டுக்கு வெளியே போய் நின்றார். ஹானுஸ் பின்னால் நகர்ந்தார். பந்து நகரவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தது. அதைப் பார்க்கவே என்னவோபோல் இருந்தது. அவர் ஐம்பது வருஷப் பழக்கத்தில் வலது மூலைக் கொடியைப் பார்த்தார். எங்கள் மைதானத்தில் வலது மூலைக் கொடியைக் குறிவைத்து அடித்தால்தான் பந்து வளைந்து இடது கம்பத்துக்குள் போகும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யாரும் அவரைத் தடுக்கவில்லை, நானும் தடுக்கவில்லை, அது தப்பென்று எங்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

அடித்தார். அருமையான அடி. பந்து நேரே போய் வலது மூலைக் கொடியில் பட்டது.

குறிவைத்த இடத்துக்கே பந்து போவதை எங்கள் ஊரார் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள். மிக்யால் பாவம், அவரும் பழக்கதோஷத்தில் இடது பக்கம் பாய்ந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்தார்.

பட்டம் ரத்து. இரண்டாவதாக வந்த எய்ஸ்டுர்நெஸுக்கு அது வழங்கப்பட்டது. ஹானுஸ் வீட்டுக்குப் போனார். மறுநாளிலிருந்து ஊரில் அவரை எப்படிக் கூப்பிடுவதென்று யாருக்கும் தெரியவில்லை.

பட்டம் போனதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். அது எய்ஸ்டுர்நெஸுக்குப் போனதுதான் பொறுக்கவில்லை. உட்கார்ந்து விதிப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அந்த வருஷம் எய்ஸ்டுர்நெஸ் ஜெயித்த ஓர் ஆட்டத்தில் நடுவர், அவர்கள் தலைவனின் தங்கை புருஷன். உறவினர் நடுவராக இருக்கக் கூடாது. எழுதிப் போட்டேன். பட்டம் ரத்து.

எய்ஸ்டுர்நெஸ்காரர்கள் சும்மா இருப்பார்களா? மூன்றாவதாக வந்த அணியைப் பற்றி எழுதினார்கள். மூன்றாவது அணி வேறு வருஷங்களைத் தோண்டியது. இந்தத் தீவுகளில் யாருக்கு யார் உறவில்லை? உறவில்லாத நடுவர் வேண்டுமென்றால் டென்மார்க்கிலிருந்து கப்பலில் இறக்க வேண்டும். அந்த ஒரு விதியில் மட்டும் இருபத்தாறு பட்டம் காலி. 1958-இல் மைதானத்தில் மேய்ந்த ஆட்டைப் பன்னிரண்டாவது ஆட்டக்காரராகக் கணக்கிட்டதில் இன்னொன்று. மொத்தம் நூற்று நாற்பது புகார், அவற்றில் அறுபத்தெட்டு என் கைப்பட எழுதியவை. கிறிஸ்துமஸுக்குள் எண்பது வருஷத்துப் பட்டங்களும் போய்விட்டன. யாருக்கும் இல்லை என்றானதும் நாட்டில் ஒரு நிம்மதி பரவியது. கடையில் எய்ஸ்டுர்நெஸ்காரனைப் பார்த்தால்கூட மனசார வணக்கம் சொல்ல முடிந்தது.

என் விதிஞானத்தைக் கண்டு வியந்த குழு, ஜனவரியில் என்னையே உறுப்பினராக நியமித்தது. மனுக்களைப் பெறும் பிரிவு என் பொறுப்பு. மேசை கொடுத்தார்கள், முத்திரை கொடுத்தார்கள்.

போன வாரம் அந்த மேசைக்கு முன்னால் இரண்டு கிழவர்கள் வந்து நின்றார்கள். ஒருவர் ஹானுஸ். இன்னொருவர், ஊன்றுகோலோடு, மிக்யால்.

"என் மேல அடிச்ச கோல யாருடா எடுத்தது?" என்றார் மிக்யால். "அம்பது வருஷமா அந்தக் கோலத் திட்டித்தான் நான் காப்பியே குடிக்கிறேன். எங்க ஊர்ல என்னைப் பார்க்கிறவனெல்லாம் அதத்தான் கேப்பான். இப்ப ஒருத்தனும் ஒண்ணும் கேக்கறதில்ல."

"பட்டம் வேண்டாம்," என்றார் ஹானுஸ். "அதை யாருக்கு வேணா குடுங்க. கோல மட்டும் குடுத்துடுங்க. நான் அடிச்சேன், இவன் விட்டான். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம், பாரு."

மனுவை வாங்கிப் பார்த்தேன். எழுத்து நடுங்கியிருந்தாலும் கையெழுத்துகள் சரியாகவே இருந்தன. ஆனால் படிவத்தின் மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது.

"காத்தோட வேகம் எழுதலையே," என்றேன்.

ஹானுஸ் மேசைமேல் கையூன்றிக் குனிந்தார். "தம்பி, நீ ஸ்கார்விக்காரன்தானே? எழுபத்திநாலுல அந்தக் காத்துல நீயும்தானேடா சின்னப் பையனா அங்க நின்னே?"

"அலுவலக நேரத்துல இல்லீங்க, பெரியவரே," என்று சொல்லி, மனுவைத் திருப்பிக் கொடுத்தேன்.