தொட்டி மகானும் இடது காலும்

கிடங்கு வாசலில் விடிந்தும் விடியாததுமாகக் கூட்டம் முண்டியடித்தது. முழங்கால் வலிக்காரர்கள், மூச்சிரைப்புக்காரர்கள், ஒரு வலியும் இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரி போகிறாளே என்று கிளம்பி வந்தவர்கள், எல்லோரும் ஒரே வரிசையில். உள்ளே தொட்டி மகான் நோய்களைக் கால்வழியே இறக்கிக்கொண்டிருந்தார். லாரியிலிருந்து மூட்டை இறக்குவதுகூட அவ்வளவு சுலபமில்லை!

நீலப் பிளாஸ்டிக் தொட்டியில் தெளிந்த தண்ணீர். நோயாளி அதில் கால் வைக்க வேண்டும். மகான் கண்ணை மூடி உதட்டை அசைப்பார். அவருடைய மச்சான், தொட்டிக்குப் பின்னால் துணி போர்த்திய பெட்டியில் எதையோ தட்டிவிடுவார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பழுப்பாகும், செந்நிறமாகும், மேலே நுரை கட்டும்.

"பாத்தியா? உன் ஈரல்ல இருந்த அழுக்கு!" என்பார் மகான். தன் ஈரலைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்ட பரவசத்தில் நோயாளியின் கை காணிக்கைத் தட்டைத் தேடும்.

ஜனங்களை மட்டும் குறை சொன்னால் நியாயமில்லை. ஊரில் சுகாதார நிலையம் இருந்தது. கட்டடம் இருந்தது, பலகை இருந்தது, பூட்டும் நல்ல உறுதியான பூட்டாகவே இருந்தது. நர்ஸ் வெகுதொலைவிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். பஸ்ஸோ தனக்கு மனசிருந்தால் வரும். டாக்டர்கள் வந்தார்கள். தங்க ஓர் அறைகூட இல்லை என்றதும் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்கள். மகானுக்கு மாற்றல் ஏது? தினமும் கடை திறந்திருந்தது.

அந்தப் பூட்டுக்கு இடது காலைப் பறிகொடுத்தவர் வேன் டிரைவர். சர்க்கரை நோய், காலில் சின்னப் புண். கட்டுப்போட ஆளில்லாமல் பழுத்து, கடைசியில் நகரத்து ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது செயற்கைக் கால். தோல் நிறம், விரல்கள், நகங்கள் எல்லாம் உண்டு. சொன்னால்தான் தெரியும்.

அவருடைய அக்காவுக்கும் அதே சர்க்கரை. ஒருநாள் அக்கா வீட்டுக்குப் போனவர், குப்பைக் கூடையில் பிரிக்காத மாத்திரை அட்டைகளைப் பார்த்தார். அக்காவின் குதிகாலில் துணி சுற்றியிருந்தது.

"என்னக்கா இது?"

"சும்மா ஒரு புண்ணுடா. மகான் இன்னும் நாலு தடவை கால் வைக்கச் சொல்லியிருக்காரு. மாத்திரை போட்டா அழுக்கு எறங்காதாம்."

"என் காலும் இப்படித்தான்க்கா ஆரம்பிச்சுது."

"அப்போ மகான் இங்க வரலையே! வந்திருந்தா உன் கால் இருந்திருக்கும்."

அன்று பஸ்ஸுக்கு மனசு வந்திருந்ததால் நர்ஸும் வந்திருந்தார். டிரைவர் நேரே போய், தொட்டித் தண்ணீர் எப்படி நிறம் மாறுகிறது என்று கேட்டார்.

"உப்புத் தண்ணியில ரெண்டு இரும்புத் தகடு போட்டு பேட்டரி குடுத்தா துரு எறங்கும். அவ்வளவுதான்," என்றார் நர்ஸ். "காலே வேண்டாம், வெறும் தொட்டியே கலங்கும். ஆனா நான் சொன்னா யாரு கேக்கறா? 'நீ என்னைக்கோ ஒருநாள் வர்றவ'ங்கறாங்க. அதுவும் நெசந்தானே!"

"நாளைக்கு நானே வேன்ல வந்து கூட்டிட்டு வரேன்மா. நீங்க சும்மா ஓரமா நில்லுங்க."

மறுநாள் டிரைவரின் முறை வந்தது.

"மகானே, முதல்ல கால் வைக்காம வெறும் தொட்டியை ஓட்டிக் காட்டுங்களேன்."

"காலே இல்லாம நோய் எப்படிப்பா எறங்கும்?" மகான் புன்னகைத்தார். "சந்தேகந்தான் உன் வியாதி. வை காலை!"

"ஒரு கால் மட்டும் வெச்சா ஆகுமா?"

"தாராளமா. நோய் வெளிய போக ஒரு வாசல் போதும்."

டிரைவர் இடது காலைத் தொட்டிக்குள் வைத்தார். வரிசையில் நின்ற உள்ளூர்க்காரர்களுக்குத் திடீரென இருமல் வந்தது. தையற்கடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். ஈரல், குடல், பாட்டன் செய்த பாவம்வரை ஊடுருவிப் பார்க்கும் மகானின் ஞானக்கண்ணுக்கு, மூக்குக்கு நேரே நீட்டிய கால் மட்டும் சரியாகப் பிடிபடவில்லை.

தண்ணீர் பழுப்பானது. நுரைத்தது.

"அடேயப்பா! நரம்பெல்லாம் அடைச்சுக் கெடக்கே! என்கிட்ட வரலைன்னா இந்தக் காலை ஒரு மாசத்துல வெட்டி எடுத்திருப்பாங்க!"

"எடுத்துட்டாங்க மகானே."

டிரைவர் பேன்ட்டைச் சுருட்டினார், பட்டைகளை அவிழ்த்தார், சொட்டச் சொட்டக் காலை உருவி மகானின் மடியில் வைத்தார்.

"இதுல எந்த நரம்புன்னு காட்டுங்க."

கிடங்கு இடிந்து விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. மச்சான் பின்கதவைத் தேடினார். யாரோ துணியை இழுத்தார்கள்: பேட்டரி, அதிலிருந்து தொட்டிக்குள் போகும் ஒயர், ஒயர் நுனியில் துருப்பிடித்த தகடுகள். நர்ஸ் தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீரும் ஒரு பிடி உப்பும் போட்டு, பெட்டியைத் தட்டிவிட்டார். யாரும் கால் வைக்கவில்லை. தண்ணீர் சமர்த்தாகச் சிவந்தது.

"இது இப்ப யாரோட ஈரல்?" என்றாள் தையற்கடைக்காரி.

"என் சக்தியை யாரோ கட்டிட்டாங்க..." மகான் முனகினார்.

"கட்டலை, துணியை அவுத்துப் பாத்தோம், அவ்வளவுதான்," என்றார் டிரைவர்.

வரிசையில் நின்றிருந்த அக்கா சிரிக்கவில்லை. தம்பியின் காலியான பேன்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்லக் குனிந்து தன் குதிகால் துணியை அவிழ்த்தார். நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து காலைத் திருப்பிப் புண்ணைப் பார்த்தார்.

"இன்னும் காப்பாத்தலாம்மா. ஆனா தினம் கட்டு மாத்தணும்."

கூட்டத்தில் பாதி மகானை அடிக்கப் பாய்ந்தது. டிரைவர் ஒற்றைக் காலில் எழுந்து கத்தினார்: "அவரை அடிச்சா சுகாதார நிலையம் தொறந்துக்குமா? அந்தம்மா தினம் வர்றதுக்கு என்ன வழி, அதைப் பேசுங்க!"

பேசினார்கள். காலைச் சவாரியிலேயே நர்ஸைக் கூட்டி வருவதாக டிரைவர் சொன்னார். டாக்டர் தங்கத் தன் மாடி அறையைத் தருவதாகத் தையற்கடைக்காரி சொன்னாள். மகானுக்காகக் காத்திருந்த அதே வரிசை அடுத்த வாரம் சுகாதார அதிகாரியின் அலுவலகத்தில் போய் நின்றது. டாக்டரைப் போடும்வரை நகரவில்லை. நிற்பதில்தான் நம்மவர்களுக்கு எவ்வளவு பயிற்சி! அக்காவின் கால் பிழைத்தது.

மகானைக் கைதுசெய்து கொண்டுபோன போலீஸ்காரர் அதற்கு முந்தின வாரம்தான் அதே தொட்டியில் தன் இரைப்பை அழுக்கை இறக்கியிருந்தார். பக்கத்து ஊரில் கண்ணாடியைக் காட்டிக் கண்நோய் தீர்க்கிற இன்னொருவர் கடை போட்டிருப்பதாக இப்போது பேச்சு. போகிறவர்கள் போகலாம். காலை மட்டும் அனுப்பாமல் கொஞ்சம் தலையையும் கூட்டிப் போங்கள்; அதற்குத் தனிக் காணிக்கை கிடையாது.