ஊடுருவல்காரர் பிரதி

அட்டன் நகரில் இயங்கிவரும் மேல்மலைப் பிறப்புப் பதிவுப் பிரதிகள் வழங்கல் பணியகம், தன் கணினிகளைப் பாதுகாப்பது என்று தீர்மானித்தது. பணியகத்தில் பதினொரு கணினிகள் இருந்தன. அவற்றில் ஆறு வேலை செய்தன. வேலை செய்யாத ஐந்துக்குள் எவரும் நுழைய முடியாது என்பதால், மற்ற ஆறைப் பற்றித்தான் கவலை.

கொழும்புத் தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த வலையமைப்புப் பாதுகாப்புக் கண்காணிப்புத் தளம் ஒன்றின் புதிய பதிப்பு வெளியாகியிருப்பதாகவும், எல்லாப் பணியகங்களும் அதை உடனடியாக நிறுவிக்கொள்ள வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. 'இலவசம்' என்ற சொல் மட்டும் நான்கு இடங்களில் தடித்த எழுத்தில் இருந்தது.

பணிப்பாளர் லோரன்ஸ், கணினி உத்தியோகத்தர் அனோஜாவை அறைக்கு அழைத்தார்.

"இதுல புதுசா என்ன இருக்கு?"

"மூணு விஷயம் சேர். சந்தேகமா யாராவது உள்ள வந்தா மணி அடிக்கும். மணி அடிச்சா, தானா ஒரு கோப்பு திறக்கும். அத இருபத்து நாலு மணித்தியாலத்துக்குள்ள விசாரிச்சு மூடணும். மூடலேன்னா கொழும்புல செவப்பு லைட்டு எரியும்."

கொழும்பு என்றதும் லோரன்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மூணாவது?"

"பொய்க் கணினி சேர். பாக்க நம்ம ஆபீஸ் மாதிரியே இருக்கும். உள்ள ஒண்ணும் இருக்காது. அதோட விலாசத்த நாம யாருக்கும் சொல்ல மாட்டோம். அதனால நல்லவங்க யாரும் அங்க வர மாட்டாங்க. வந்தா அவன் களவாணி."

தேநீர் கொண்டுவந்த அலுவலக உதவியாளர் நல்லமுத்து தட்டை மேசையில் வைத்தார்.

"பாக்க ஆபீஸ் மாதிரி இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காதுன்னா, அதுக்குன்னு தனியா ஒண்ணு எதுக்கு மிஸ்?"

இந்தக் கருத்து கூட்டக் குறிப்பில் பதியப்படவில்லை.

அனோஜா வேலையைத் தொடங்கினார். பணியகத்துக்கு ஏற்கெனவே ஒரு இணைய சேவைப் பக்கம் இருந்தது. அதைத் திறந்தால் நடுவில் ஒரு வட்டம் சுற்றும். இரண்டு வருடமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை அப்படியே பிரதி செய்து பொய்க் கணினியில் வைத்தபோது, கண்காணிப்புத் தளம் ஏற்றுக்கொள்ளவில்லை. 'இது ஒரு சேவைப் பக்கம் என்று எவரும் நம்பமாட்டார்கள்' என்று எச்சரித்தது. வேறு வழியில்லாமல் அனோஜா வட்டத்தை எடுத்துவிட்டார். பெயர், பிறந்த திகதி, தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைக் கொடுத்தால் அரை நிமிடத்தில் 'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது. நன்றி' என்று நல்ல தமிழில் பதில் வருமாறு செய்தார். பணியகத்தின் வரலாற்றில் பொதுமக்களுக்கு நன்றி சொல்லப்பட்டது அதுவே முதல் தடவை. அதுவும் களவாணிகளுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு.

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிப்பவர் மீனம்மா. அவர் மகள் நாகலெட்சுமிக்கு வெள்ளிக்கிழமை ஆசிரியர் உதவியாளர் நேர்முகத் தேர்வு. பிறப்புப் பதிவின் உறுதிப்படுத்திய பிரதி இல்லாமல் வருவோர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவர் என்று கடிதத்தில் எழுதியிருந்தது. பிரதிக்கு விண்ணப்பித்து நான்கு மாதம் ஆகிவிட்டது. எப்போது போய்க் கேட்டாலும், பதிவேட்டைத் தேடுகிறோம் என்றுதான் மூன்றாம் கவுண்டரில் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை தாயும் மகளும் பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள ஹசனின் கொமியுனிகேஷன் கடைக்குப் போனார்கள். ஹசன் பணியகத்தின் பக்கத்தைத் திறந்தார். வட்டம் சுற்றியது.

"நேத்தும் இப்புடித்தான் சுத்துச்சு. கடைசி நம்பர மாத்திப் பாப்பமா? பஸ் சீட்டு புக் பண்றப்ப நான் அப்புடித்தான் செய்வேன்."

"என்னத்தையாவது செய்ங்க ஹசன் நானா, வெள்ளிக்கிழம இன்டர்வியூ" என்றார் நாகலெட்சுமி.

ஹசன் விலாசத்தின் கடைசியில் இருந்த ஒன்றை இரண்டாக்கினார். பக்கம் உடனே திறந்தது. விவரங்களைக் கொடுத்தார்கள். அரை நிமிடத்தில் பதில் வந்தது. ஹசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"நன்றின்னு போட்டிருக்கே. இது கவர்மெண்ட்டுதானா?"

பக்கத்துக் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்த பணியகத்தில் மணி அடித்தது.

அன்று மாலைக்குள் மணி நாற்பத்தொரு தடவை அடித்தது. 'பிறப்புச் சான்றிதழ் இங்கே செய்தால் பதில் வரும்' என்று ஹசன் தன் கடைக் கண்ணாடியில் எழுதி ஒட்டியிருந்ததுதான் காரணம். புதன்கிழமை பத்து மணிக்குள் நூற்று எண்பத்தாறு. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் தலைவைப்பதை வழக்கமாகக் கொண்ட உத்தியோகத்தர்கள் கடும் மன உளைச்சலுக்கு ஆளாகினர்.

"நாடே நம்மளத் தாக்குதே அனோஜா!"

"நாடு இல்ல சேர். எல்லாம் பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல இருந்துதான் வருது."

"அவ்வளவு கிட்டவா வந்துட்டானுங்க?"

தலைமையகம் பாராட்டுத் தெரிவித்து, விசாரணை நடைமுறையையும் அனுப்பிவைத்தது. ஊடுருவியவர் இன்னார்தான் என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டும். அதற்காக அவருடைய பிறப்புப் பதிவின் உறுதிப்படுத்திய பிரதிகள் மூன்று தயாரிக்கப்பட வேண்டும். ஒன்று தலைமையகத்துக்கு, ஒன்று கோப்புக்கு. தான் யார் என்று அறிந்துகொள்ளும் உரிமை குற்றம்சாட்டப்பட்டவருக்கும் உண்டு என்பதால் மூன்றாவது அவருக்கு. எல்லாம் இருபத்து நான்கு மணித்தியாலத்துக்குள்.

நான்கு மாதமாகத் தேடப்பட்ட பதிவேடு இருபத்தைந்து நிமிடத்தில் கிடைத்தது. வேலை செய்யாத கணினி ஒன்றின் மேசை ஆடாமல் இருக்க, பதிவேட்டை அதன் கால் ஒன்றின் அடியில் முட்டுக்கொடுத்திருந்தார்கள்.

முதல் ஊடுருவல்காரர் என்ற முறையில் நாகலெட்சுமி புதன்கிழமை காலையே விசாரணைக்கு அழைக்கப்பட்டிருந்தார். கங்காணியிடம் சொல்லிவிட்டு, காலையில் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் மீனம்மாவும் கூடவே வந்தார். ஆபீசிலிருந்து தங்களுக்கு டெலிபோன் வந்த சந்தோஷத்தில் நல்ல சேலை கட்டியிருந்தார்.

"எங்கட வலையமைப்புக்குள்ள எதுக்கு வந்தீங்க?" என்று லோரன்ஸ் கேட்டார்.

"எங்கங்கய்யா உள்ள வந்தோம்? நாலு மாசமா வெளியிலதானே நிக்கிறோம்" என்றார் மீனம்மா.

"கேள்வி அவங்களுக்கு."

"பிரதி கேட்டு வந்தேன் சேர்" என்றார் நாகலெட்சுமி.

"பிரதி வேணும்னா மூணாம் கவுண்டருக்குத்தானே வரணும்?"

"அங்க கெடைக்கலியே சேர்."

"நல்லவங்க கெடைக்கும் வரைக்கும் காத்திருப்பாங்க. அத வச்சுத்தான் நல்லவங்கன்னு நாங்க கண்டுபிடிக்கிறது."

லோரன்ஸ் இரண்டு படிவங்களை முன்னால் வைத்தார்.

"குற்றம் செய்யலேன்னா இதுல கையெழுத்து வைங்க. கோப்ப மூடிருவோம். நீங்க நிரபராதி. பழையபடி மூணாம் கவுண்டருக்குப் போகலாம். செஞ்சேன்னு ஒத்துக்கிட்டா இதுல."

"ஒத்துக்கிட்டா என்னங்கய்யா ஆகும்?" என்று மீனம்மா கேட்டார்.

"கடுமையா எச்சரிப்போம். பிறகு பிரதிய கையில குடுத்து அனுப்புவோம்."

"அவதாங்கய்யா செஞ்சா! நான் பக்கத்துல நின்னு என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். எனக்கும் ஒண்ணு வேணும், நானும் செஞ்சேன்னு எழுதிக்கிங்க."

"நீங்க செய்யலியே. உங்க பேருல மணி அடிக்கல."

"இப்ப போயி அடிச்சிட்டு வந்தா?"

லோரன்ஸ் பிரதியை எடுத்துக் காட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. பெயரில் பிழையில்லை. கையொப்பம் இருந்தது. ஆனால் மேலே, குறுக்காக, சிவப்பு மையில் ஒரு முத்திரை: ஊடுருவல்காரர் பிரதி.

நாகலெட்சுமி பேனாவை எடுத்துவிட்டு வைத்தார்.

"அம்மா, இதக் கொண்டுபோயி டீச்சர் வேல கேக்குறதா? புள்ளைங்களுக்குப் படிச்சுக் குடுக்கப் போறவ களவாணின்னு இருந்தா என்ன சொல்லுவாங்க?"

"இந்த முத்திரய எடுக்க ஏலாதாங்கய்யா?"

"எடுக்கலாம். அதுக்கு விண்ணப்பம் மூணாம் கவுண்டர்ல."

சுவரில் இருந்த நாட்காட்டியை நாகலெட்சுமி பார்த்தார். புதன்கிழமை. பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டார். லோரன்ஸ் எழுந்து நின்று அவரைக் கடுமையாக எச்சரித்தார். நல்லமுத்து கதவைத் திறந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை நேர்முகத் தேர்வில் பத்திரங்களைப் பார்த்தவர் யூஜினா என்ற உத்தியோகத்தர். பிறப்புப் பிரதியில் அவர் கை நின்றது. சிவப்பு முத்திரையைப் படித்தார். நாகலெட்சுமியைப் பார்த்தார். மறுபடியும் முத்திரையைப் பார்த்தார்.

"இது எப்ப விண்ணப்பிச்சது?"

"செவ்வாய்க்கிழம மிஸ்."

"எப்ப கெடைச்சது?"

"புதன்கிழம."

யூஜினா பக்கத்து மேசைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு ஒரு துண்டுக் கடதாசியையும் பேனாவையும் தள்ளிவைத்தார்.

"அந்த விலாசத்தக் கொஞ்சம் இதுல எழுதுங்க. என் மகன்ட பிரதிக்குப் போட்டு ஒன்பது மாசமாச்சு."

பத்திரங்கள் ஏற்றுக்கொள்ளப்பட்டன. நாகலெட்சுமி இப்போது றொசல்லப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறார்.

அடுத்த மாதம் பணியகத்துக்கு, ஊடுருவல்களைச் சிறப்பாக எதிர்கொண்டமைக்காக விருது கிடைத்தது. பதிவான ஊடுருவல்கள் நாலாயிரத்தைத் தாண்டியிருந்தன. அவற்றில் ஒன்று லோரன்ஸுடையது. ஓய்வூதியப் பத்திரங்களுக்கு அவருக்கும் ஒரு பிரதி தேவைப்பட்டது. விசாரித்தவரும் அவரே. குற்றத்தை உடனே ஒப்புக்கொண்டதற்காகத் தம்மைப் பாராட்டிக் கோப்பில் குறிப்பும் எழுதினார். முதலாம், இரண்டாம் கவுண்டர்கள் ஊடுருவல்காரர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டன. வரிசை மாடிப்படி இறங்கி, ஹசனின் கடையைத் தாண்டிப் போனது.

தன்னுடைய பிரதிக்காக மீனம்மாவும் ஒரு நாள் அந்த வரிசையில் வந்து நின்றார். மூன்றாம் கவுண்டருக்கு முன்னால் இருந்த நீள வாங்கில் ஒரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். வலப்பனையிலிருந்து வந்த ஆண்டியப்பன். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்தவர். மடியில் விண்ணப்பத்தின் பற்றுச்சீட்டு இருந்தது.

"எத்தன நாளாங்க?" என்று மீனம்மா கேட்டார்.

"ஏழு மாசம்."

"இந்தப் பக்கம் வந்து ஒத்துக்கிட்டா நாளைக்கே குடுத்துருவாங்களே."

"செய்யாதத எப்புடிம்மா செஞ்சேன்னு சொல்றது? நான் யாரு வீட்டுக்குள்ளயும் பூந்தவன் இல்ல."

மீனம்மாவுக்கு முன்னால் நின்ற பெண் மெதுவாகத் திரும்பி, குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தாளுகிட்டப் பேசாதீங்கக்கா. இம்புட்டுப் பேரு ஒத்துக்கிட்டோம். அவரு மட்டும் மாட்டேங்கிறாருன்னா, என்னமோ பெருசாப் பண்ணிருக்கணும்."

மீனம்மா யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது. கைப்பையை வாங்குப் பக்கத்துத் தோளிலிருந்து மறுபக்கத் தோளுக்கு மாற்றி, இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.