திருடனுக்கென்று ஒரு துப்பாக்கி

வீட்டைக் காப்பது ஆண்மகனின் கடமை என்று டெல்பர்ட் ஹாஸ்கின்ஸ் ஒரு வியாழக்கிழமை காலையில் பிரகடனம் செய்தான். பக்கத்துப் பண்ணையில் புல்வெட்டும் வண்டி திருடு போயிருந்தது. அதற்கே கென்டக்கி மாநிலம் முழுக்கப் பற்றி எரிவதுபோல முகத்தை வைத்துக்கொண்டான்.

"ஒரு கார்பைன் வாங்கிடலாம். குட்டைக் குழல், சின்னத் தோட்டா."

"வீட்டுல ஏற்கெனவே மூணு துப்பாக்கி கிடக்கே," என்றாள் அவன் மனைவி ரொவீனா, தட்டில் குழம்பை ஊற்றியபடி.

"ரெண்டு மானுக்கு. ஒண்ணு வாத்துக்கு. திருடனுக்குன்னு என்ன இருக்கு?"

"இல்லேன்னா கோவிச்சுக்குவானா?"

"கிண்டல் பண்ணாதடி. உனக்காகத்தான் வாங்குறேன். பெரிய துப்பாக்கி உன் தோளை உதைச்சுத் தள்ளிடும்."

அந்தத் தோள் தினமும் தீவன மூட்டைகளை ஏற்றி இறக்குகிறது. அப்போதெல்லாம் அதன் மென்மை யார் கண்ணிலும் பட்டதில்லை. மனைவிக்கென்று வாங்கிய பொருள்களில் மனைவி தொட்டது எத்தனை என்று யாராவது ஆராய்ச்சி செய்யட்டும். டாக்டர் பட்டம் நிச்சயம். டெல்பர்ட்டின் மீன்பிடிப் படகுகூட ரொவீனாவுக்கு வாங்கிய பிறந்தநாள் பரிசுதான்.

கோழித்தீவனம், ரப்பர் பூட்ஸ், தாழ்ப்பாள், துப்பாக்கி எல்லாம் ஒரே கூரையின்கீழ் விற்கும் கடை. ரொவீனா பின்னால் வர, டெல்பர்ட் நேரே போய், வழுவழுவென்ற மரக்கட்டை வைத்த கார்பைனை எடுத்துக் காட்டச் சொல்லிக் கையில் வாங்கினான். மாதக்கணக்காகக் கண்ணாடி வழியே அவன் காதலித்துவந்த கார்பைன். பச்சைக் குழந்தையைப்போல ஏந்திக்கொண்டான்.

"சம்சாரத்துக்கு," என்றான்.

கடைக்காரர் சம்சாரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. "லேடீஸுக்குன்னா தனியா இருக்கு சார்," என்று டெல்பர்ட்டிடமே சொல்லி, ஒன்றை எடுத்து வைத்தார். குழல் முதல் கட்டை வரை பஞ்சுமிட்டாய் ரோஸ்.

டெல்பர்ட் விழுந்து விழுந்து சிரித்தான். ரொவீனா சிரிக்கவில்லை.

"இதுதான் எனக்கு வேணும்."

"இதையா? திருடன் பார்த்தா சிரிப்பான்!"

"சிரிக்கிறவன் ஓட மாட்டான். சுட வசதி."

"சனிக்கிழமை துப்பாக்கி கிளப்புக்கு இதை எப்படித் தூக்கிட்டுப் போறது?"

"நீ ஏன் தூக்கிட்டுப் போற? யாருக்கு வாங்குறோம்?"

"உனக்கு... உனக்குத்தான்."

"அப்ப பணத்தைக் கட்டு."

டெல்பர்ட்டின் கை பர்ஸ் வரைக்கும் போய் நின்றது. கிளப் நண்பர்களின் முகங்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து பல்லைக் காட்டிவிட்டுப் போயின.

"யோசிச்சுப் பார்த்தா, துப்பாக்கி அவசியம்தானான்னு தோணுது."

"அப்ப வீட்டைக் காக்க வேண்டாமா?"

"காக்கணும். வேற வழி இல்லாமலா போயிடும்? நீயே சொல்லேன்."

'நீயே சொல்லேன்' என்று அவன் கேட்டது, கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. ரொவீனா அதை வீணாக்கவில்லை.

"பின்கதவு ரெண்டு வருஷமா சாத்த மாட்டேங்குது. செங்கல்லை முட்டுக் கொடுத்துட்டுப் படுக்கிறோம். தாழ்ப்பாள் வாங்கிப் போடு. இரு, இரு, தேடாதே. காலையிலேயே இந்தக் கடைக்குப் போன் பண்ணி எடுத்து வைக்கச் சொல்லிட்டேன்."

அந்தச் சனிக்கிழமை, நண்பர்கள் கிளப்பில் சுட்டுத் தள்ளிக்கொண்டிருக்க, டெல்பர்ட் பின்வாசலில் மண்டியிட்டு, வாயில் நாலு திருகாணியைக் கடித்துக்கொண்டு, வீட்டைப் பாதுகாத்தான்.