பதிமூன்று கைகள்

ஃபிஜித் தலைநகர் சுவாவில், ஓர் ஓட்டலின் மாநாட்டு அறையில் வசிதிக்கு நாற்காலி இல்லை.

உலகத் துடுப்புப் படகுச் சங்கத்தின் வெளிநாட்டு நிர்வாகிகள் பதிமூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தாகிவிட்டது. வீரர்களின் பிரதிநிதியாக முதன்முதலில் தேர்வானவள் வசிதி. டிவிக்காகப் பந்தயத்தை நடுப்பகலில் வைக்கிறார்கள். போன வருடம் அவள் தோழி அகனிசி வெயில் தாங்காமல் சுருண்டு, துடுப்போடு கடலில் விழுந்தாள். இனி விடிந்ததும் வையுங்கள் என்று கேட்கத்தான் வந்திருந்தாள்.

"உங்களுக்குப் பேசற உரிமை குடுத்திருக்கும்மா. உட்கார்றதைப் பத்தி விதியில ஒண்ணும் இல்லையே," என்றார் உள்ளூர்க்காரரான செயலாளர் சைலோசி.

வசிதி நீச்சல்குளத்தருகே கிடந்த பிளாஸ்டிக் முக்காலியைத் தூக்கி வந்தாள். உட்கார்ந்ததும் மேசைக்கு மேல் அவள் நெற்றி மட்டும் தெரிந்தது.

"யாரது கீழே?" என்றார் வெளிநாட்டுத் தலைவர்.

"வீரர்கள் தரப்புங்க."

"மைக்ல பேசுங்க."

அவளுக்கு மைக்கும் வைக்கவில்லை. கீழே வரவேற்பறைப் பாடகரிடம் இரவல் வாங்கி வந்து செருகினாள். 'கீ' என்று ஒரு அலறல். அத்தோடு எல்லாருடைய காதிலும் இருந்த மொழிபெயர்ப்புக் கருவிகள் செத்துப்போயின.

"போச்சு! நீ ஃபிஜி மொழியில எழுதிட்டு வந்தது என்னைத் தவிர யாருக்குப் புரியும்?" என்று தலையில் கை வைத்தார் சைலோசி.

"மூணு நிமிஷம். அப்புறம் சாப்பாடு," என்றார் தலைவர்.

வசிதிக்கு ஆத்திரம் பொங்கியது. முக்காலி மேல் ஏறி, படகில் தாளம் சொல்லும் குரலில் முழங்கினாள்.

"அகனிசிக்கு இன்னமும் தலை சுத்துது! அந்த வெயில்ல நீங்க அஞ்சு நிமிஷம் நிப்பீங்களா? காலையில வைங்க! சம்மதம்னா கை தூக்குங்க!"

ஒரு கை உயர்ந்தது. இன்னொன்று. பதிமூன்று கைகளும்.

சைலோசி நம்பாமல் இரண்டு முறை எண்ணினார். 'ஏகமனதாக' என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி நீட்டினார். பசியில் இருந்த தலைவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

வசிதி அழுதுகொண்டே தாழ்வாரத்துக்கு ஓடி, தோழிக்குப் போன் போட்டாள். "அகனிசி! பதிமூணு பேருமேடி! மொழி தெரியாட்டியும் மனசு புரிஞ்சிடுச்சுடி!"

அப்போது பரிமாறும் பெண் மெரெயா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, நீ பேசறப்ப உனக்குப் பின்னாடி வாசல்ல நின்னு, தேங்காய்ப்பால் மீன் யாருக்கு வேணும்னு தட்டைத் தூக்கிக் காட்டினேன்; பதிமூணு பேரும் கை தூக்கினாங்க, உனக்கும் ஒண்ணு வைக்கவா?"