விக்கிரகம் கம்பவுண்டர் கண்டுபிடித்த கடைசி விக்கிரகம்

பாவத்தைத் தேடிப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் பாதிப் பேர் என் சொந்தக்காரர்கள். ஆனால் தன் பாவத்தைத் தானே துப்புத் துலக்கிப் பிடித்து, சபை நடுவே கொண்டுவந்து நிறுத்தியவர் பூலோகத்திலேயே ஒருவர்தான். அவர் தென்காசியில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர். ஒரு டாக்டரிடம் மருந்து கலக்கிக் கொடுக்கிற வேலை. அவர் பெயரைச் சொன்னால் தபால்காரருக்கே தெரியாது. விக்கிரகம் கம்பவுண்டர் என்றால் பச்சைப்பிள்ளையும் வழிகாட்டும்.

இரண்டாவது உலகச் சண்டை ஆரம்பிப்பதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பு இது. நான் அப்போது தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. லெந்து என்கிற தவக்கால நாட்களில் எங்கள் வேதக்கோவிலுக்கு வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்தார். "கல்லும் செம்பும் மட்டும் விக்கிரகம் இல்லை. ஆண்டவரைவிட எதன்மேல் உனக்குப் பிரியம் அதிகமோ அதுதான் விக்கிரகம்" என்று முழங்கினார். நாங்கள் எல்லோரும் ஆமென் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனோம். கம்பவுண்டர் மட்டும் சாப்பிடாமல் கண்ணாடி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு மீசை உண்டு. ஒரு வார்த்தையில் சொல்லித் தீர்க்கிற மீசை இல்லை. அவர் தெருமுனையில் திரும்பினால் முதலில் மீசை வரும், பின்னால் அவர் வருவார். மறுநாள் காலை அது இல்லை. சுரண்டையிலிருந்து மாதாமாதம் வயிற்று வலிக்கு வருகிற விவசாயி ஒருவர், அவர் கொடுத்த மருந்துக் குப்பியைத் திருப்பி நீட்டினார்.

"பழைய கம்பவுண்டரு வரட்டும்யா. புது ஆளு கலக்குனது எனக்கு வேண்டாம்."

"நாந்தாம்யா அது!"

"அவருக்கு மீசைல்லா உண்டு?" என்று சொல்லிவிட்டு, அந்த மனிதர் வலியோடு வெளியே போய் உட்கார்ந்து பழைய கம்பவுண்டருக்காகச் சாயங்காலம்வரை காத்திருந்தார்.

எங்கள் கோவிலில் மாதத்தின் முதல் ஞாயிறு நற்கருணை. மனசுக்குள் ஒரு விக்கிரகம் பாக்கி இருந்தாலும் அந்த அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் தொடுவதில்லை என்று கம்பவுண்டர் சபதம் செய்திருந்தார். மீசையைக் களைந்ததைச் சனிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னார். மறுநாள் ஞாயிறு, நற்கருணைப் பந்திக்கு எழுந்து பாதித் தூரம் நடந்தவர், சும்மா இல்லாமல் மூக்கைத் தடவினார். மூக்குப்பொடி ஞாபகம் வந்துவிட்டது. அப்படியே திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த மாதம் பொடி போயிற்று. ஆனால் காப்பி இருந்தது. அதற்கடுத்த மாதம் காப்பி போயிற்று. கைவிட்ட பொருள்களெல்லாம் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. வெள்ளிப் பொடி டப்பா வந்தது; பித்தளை காப்பி பில்டர் வந்தது. எனக்கே மனசு உறுத்தி, "அண்ணாச்சி, இது எனக்கு விக்கிரகமாயிராதா?" என்று கேட்டேன்.

"ஆகாது தம்பி. ஒனக்கு எது மேலயும் அவ்வளவு பிரியம் கெடையாது. கோவிலுக்கு நீ வாறதப் பாத்தாலே தெரியுதே."

காப்பி நன்றாக இருந்தது.

ஆனியில் சாரல் தொடங்கியபோதுதான் பெரிய சோதனை வந்தது. மேலகரம் வழியாக நடந்து போய்க் குற்றாலத்தில் குளிக்காத நாளில் அவருக்கு மருந்து அளவே தவறும் என்பார்கள். அந்த அருவியையும் விட்டார். விட்டவர் வீட்டில் இருந்தாரா? இல்லை. மனசு அடங்கிவிட்டதா என்று சோதிக்க எங்களோடு தினமும் வந்தார். நாங்கள் அருவிக்குக் கீழே கூத்தாட, அவர் எங்கள் துண்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு, சாரல்கூடப் படாமல் குடை பிடித்து நின்றார். எண்ணெய் தேய்க்கிறவன் கெஞ்சினான்.

"சாமி, எங்கிட்ட என்ன கோவம்?"

"கோவம் இல்லலே. பிரியம். அதாம்லே தொந்தரவு!"

ஆறு மாதம் ஆயிற்று. ஒவ்வொரு முதல் ஞாயிறும் அவர் மனைவி எஸ்தர் அக்கா பெண்கள் பக்கமிருந்து தனியாகப் பந்திக்குப் போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வருவார். அவருக்கு வேண்டியதெல்லாம் புருஷன் ஒரு தடவை அந்தப் பந்திக்கு வருவதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கம்பவுண்டர் என்னிடம் ஓடி வந்தார்.

"தம்பி, கடைசி விக்கிரகத்தக் கண்டுபிடிச்சிட்டேன்."

"என்னது அண்ணாச்சி?" என்றேன், அலமாரியில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே.

"ஒங்க அக்கா."

அலமாரியை மூடிவிட்டேன்.

"காலைல ஜெபத்துக்கு முழங்கால் போட்டா, அடுப்படில அவ பாடுத சத்தந்தான் காதுல விழுது. ஆண்டவர மறந்துருதேன் தம்பி. கொஞ்ச காலம் சுரண்டைல அவ ஆத்தா வீட்டுல கொண்டு விட்டுரலாம்னு இருக்கேன்."

அவரை இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அக்காவுக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது. டிரங்குப் பெட்டியில் சேலையை அடுக்கிக்கொண்டிருந்தார். அழவில்லை.

"போறேன். ஆனா நான் போயிட்டா இந்த வீட்டுல விக்கிரகம் இருக்காதுன்னு நெனைக்கீங்களா?" என்றார். "சனிக்கிழம கூட்டத்துல எந்திரிச்சு நின்னு, 'இந்த வாரம் இத விட்டேன்'னு சொல்லுதீங்களே, அப்ப ஒங்க மொகத்த நீங்க பாத்ததில்ல. நான் பாத்திருக்கேன். மீசை இருந்தப்பகூட இவ்வளவு முறுக்கு இல்ல."

கம்பவுண்டர் அப்படியே பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எஸ்தரு, அந்த முறுக்க எப்படி விடுதது? விட்டேன்னு சொன்னா அதுவும் சாட்சியாயிருமே!"

"சொல்லாம விடுங்க" என்றார் அக்கா. அடுக்கிய சேலைகளை எடுக்க வேண்டும், எழுந்திருங்கள் என்று அவரை எழுப்பினார்.

மறுநாள் ஜெபக்கூட்டத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. சுரண்டை விஷயம் எப்படியோ பரவிவிட்டது. (நான்தான் சொன்னேன்.) குருவானவர் வழக்கம்போல், "கம்பவுண்டர், இந்த வாரம் என்ன?" என்று கேட்டார். அவர் எழுந்தார். அவர் வாழ்க்கையிலேயே ஆகச் சிறந்த சாட்சி அப்போது அவர் கைவசம் இருந்தது. சொன்னால் கோவிலே கண்ணீர் விட்டிருக்கும். உதடு துடித்தது, நெற்றியில் வேர்த்துக் கொட்டியது.

"ஒண்ணுமில்லய்யா. எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

கூட்டத்துக்குப் பெரிய ஏமாற்றம். எனக்குப் பின்னால் ஒருவர், "ஆளு பின்மாற்றத்துல விழுந்துட்டாருடே, விசுவாசம் போச்சு" என்றார். அது கம்பவுண்டர் காதிலும் விழுந்தது. காது சிவந்தது. பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டார், எழுந்திருக்கவில்லை. மீசை, பொடி, காப்பி, அருவி எதற்கும் அவர் அந்தப் பாடு பட்டதில்லை.

அடுத்த நாள் முதல் ஞாயிறு. ஆண்கள் பக்கத்திலிருந்து கம்பவுண்டர் எழுந்தார். பாதித் தூரத்தில் நின்றார். பெண்கள் பக்கம் அக்கா தலை குனிந்திருந்தார். நின்றவர் மறுபடி நடந்தார். போய் முழங்கால் போட்டார். தோள் இரண்டும் குலுங்கின.

பந்திக்குப் பழக்கதோஷத்தில் போய் வருகிறவன் நான். அன்றைக்கு அவர் பக்கத்து இடத்தைத் தேடிப் போனேன். நான் அருகே போனதும் அவர் கண்ணைத் திறக்காமலே சற்று நகர்ந்து இடம் விட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ பரிசுத்தவான்களைப் பார்த்துவிட்டேன். வேறு யார் பக்கத்திலும் முழங்கால் போட எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.