ஹலீனாவுக்கு முப்பத்தொரு புள்ளி

கேட்காத ஆளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசை எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்குக் கூடவே பிறந்த வியாதி. எனக்கு அது முப்பத்திரண்டாவது வயதில், மொன்றியலில், பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் இடத்தில் முற்றியது.

அப்போது புவாண்ட்-கிளேர் பகுதியில் ஒரு பண்டசாலையில் மாலை ஷிப்ட் செய்துகொண்டிருந்தேன். மனைவி வசந்திக்குக் காலை வேலை. மகள் அபிக்கு இரண்டரை வயது, பகலெல்லாம் குழந்தைகள் காப்பகமான கார்டெரியில். அவள் வீட்டுக்கு வரும்போது நான் வேலையில் இருப்பேன். நான் வரும்போது அவள் நித்திரை. ஒரு சனிக்கிழமை சோறு ஊட்டிவிட்டபோது அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, மிகவும் மரியாதையாக, "மெர்சி, மெஸ்யூ" என்றாள். கார்டெரியில் பழகிய பிரெஞ்சில் 'நன்றி, ஐயா'. வசந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. எப்பாடு பட்டாவது பகல் ஷிப்டுக்கு மாறுவது என்று அன்றே தீர்மானித்தேன்.

மனேஜர் லூக்கிடம் கேட்டேன். பகலில் நான்கு பேர் ஒரே வரிசையில் நின்று பெட்டி கட்டுகிறார்கள், ஆனால் ஒருவரோடொருவர் பேசுவதில்லை, அதனால் பெட்டிகள் இடம் மாறிப் போகின்றன என்றார். போலந்து ஹலீனா, ரஷ்ய விக்டர், பல்கேரிய ஸ்தோயான், செர்பிய மிலான். "இவர்களைப் பேசவைத்துவிடு. இரண்டு வாரம் பகலில் வந்து பார். சரிவந்தால் நீதான் அந்த வரிசைக்குப் பொறுப்பு, பகல் ஷிப்ட் நிரந்தரம்" என்றார்.

மொழி விளங்காததுதான் பிரச்சினை என்று நானே முடிவுகட்டினேன். (யாரையும் கேட்கவில்லை. கேட்டால் அது என்ன யாழ்ப்பாணத்து மூளை?) நான்கு நிரல் போட்டு ஒரு கொப்பி தயாரித்தேன். மதிய இடைவேளையில் நால்வரும் நான்கு மூலையில் இருந்து சாப்பிடுவார்கள். நான் மேசை மேசையாகப் போய், சாப்பாட்டுப் பெட்டிக்குள் விரலை நீட்டி, இதற்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதினேன். எழுதியது சரிதானா என்று காட்டினால் ஸ்தோயான் இல்லையென்று தலையாட்டுவார். அவர்கள் ஊரில் அதுதான் ஆமாம் என்று தெரிய இரண்டு நாள் எடுத்தது. (எப்படிக் கேட்டாலும் ஒரே மாதிரித் தலையாட்டும் நான் அவரைக் குறை சொல்ல முடியாது.)

கொப்பி நிரம்ப நிரம்ப எனக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணீர் நால்வருக்கும் வோதா. பாண், அதாவது பிரெட், மூவருக்கு ஹ்லெப், ஸ்தோயானுக்கு மட்டும் ஹ்லியாப். பால் ஹலீனாவுக்கும் மிலானுக்கும் ம்லெகோ, ஸ்தோயானுக்கு ம்லியாகோ, விக்டருக்கு மலகோ. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் கண்ணுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். உருளைக்கிழங்குதான் குடும்பத்தைப் பிரித்தது. ஹலீனாவுக்கு ஜெம்னியாக், மிலானுக்கு க்ரொம்பிர், விக்டருக்கு கர்தோஷ்கா, ஸ்தோயானுக்கு கர்தோஃப். அதை ஒரு விதிவிலக்கு என்று கட்டம் போட்டு ஒதுக்கினேன்.

"என்னப்பா இவ்வளவு நேரமா எழுதுறியள்?" என்று வசந்தி கேட்டாள்.

"பாணுக்கு நாலு பாஷையிலை என்ன சொல்லுறதெண்டு."

"அது சரி. வரேக்கை பாண் வாங்கிக்கொண்டு வந்தனீங்களே?"

வாங்கவில்லை.

கொப்பியோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. எங்கள் ஊரில் டியூட்டரி என்ற டியூஷன் வகுப்புகளில் பாடம் முடிந்தால் சோதனை, சோதனை முடிந்தால் சுவரில் புள்ளிப் பட்டியல். அந்தப் பட்டியல்களின் அடியிலேயே வாழ்ந்தவன் நான். சிவப்புப் பேனை முதன்முதலாக என் கைக்கு வந்திருந்தது. விடுவேனா? முதல் வெள்ளிக்கிழமை நாற்பது சொற்களுக்கு ஒரு வினாத்தாள் அடித்து, மற்ற மூவரின் மொழியில் எழுதச் சொல்லி நால்வருக்கும் கொடுத்தேன். கம்பனியின் கட்டளை என்று நினைத்து, பாவம், எழுதிக்கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை சாப்பாட்டு அறைச் சுவரில் பட்டியல் ஏறியது. விக்டர் நூற்றுக்கு அறுபத்திரண்டு. மிலான் ஐம்பத்தெட்டு. ஸ்தோயான் நாற்பது. ஹலீனா முப்பத்தொன்று, கீழே இரட்டைச் சிவப்புக் கோடு, பக்கத்தில் 'முயற்சி போதாது'.

ஹலீனா அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைவிடக் கொஞ்சம் திருத்தமான ஆங்கிலத்தில் சொன்னார்: "நான் எங்கள் ஊரில் இருபத்திரண்டு வருடம் கணித ஆசிரியை. ஒரு பிள்ளையின் புள்ளியையும் சுவரில் ஒட்டியதில்லை. ஒருவர் பேசினால் மற்றவருக்கு ஓரளவு விளங்கும். பேச விருப்பமில்லாமல் இருந்தோம், அவ்வளவுதான்."

அன்று மதியம் நான்கு மேசைகளும் ஒன்றாயின. நால்வரும் தங்கள் தங்கள் மொழியிலேயே பேசினார்கள், சிரித்தார்கள். பேச்சின் பொருள் நான்தான் என்பதற்கு எந்த அகராதியும் தேவைப்படவில்லை. அந்த வாரம் ஒரு பெட்டிகூட மாறிப்போகவில்லை. என் உதவி தேவைப்படக்கூடாது என்று அவ்வளவு வைராக்கியம்.

வியாழக்கிழமை லூக் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "அருமை. இனி இந்த வரிசைக்குப் பொறுப்பாளரே வேண்டாம். நீ திங்கட்கிழமையிலிருந்து பழையபடி மாலை ஷிப்டுக்குப் போகலாம்."

அன்றும் வேலை முடிந்து அபியைக் கூட்டிவரக் கார்டெரிக்குப் போனேன். அந்த இரண்டு வாரத்தில் அவள் என் காலடிச் சத்தத்துக்கே ஓடி வரப் பழகியிருந்தாள். குனிந்து அவளுக்குச் சப்பாத்தைப் போட்டுவிட்டேன். இதை விட்டுக்கொடுப்பதைவிட மானத்தை விட்டுக்கொடுப்பது சுலபம் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை பட்டியலைக் கிழித்துக்கொண்டு ஹலீனாவிடம் போனேன். மன்னிப்புக் கேட்டேன். மகள் என்னை மெஸ்யூ என்று அழைத்ததையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மதியம் சோதனை. பேனை கொண்டு வா" என்றார்.

மேசையின் ஒரு பக்கம் நான், மறுபக்கம் நால்வர். லூக் கையில் கோப்பிக் கோப்பையோடு வேடிக்கை பார்க்க வந்து நின்றார். அவர்கள் ஒவ்வொரு பொருளாகத் தூக்கிக் காட்ட, நான் நான்கு மொழியிலும் சொல்ல வேண்டும். நானே தொகுத்த சொற்கள்தாம், ஆனால் எட்டுக் கண்கள் பார்க்கும்போது தண்ணீரைத் தவிர எதுவும் ஞாபகம் வரவில்லை. பால் கேட்டதற்குப் பாணைச் சொன்னேன். மிலான் உருளைக்கிழங்கைத் தூக்கியபோது 'விதிவிலக்கு' என்று தமிழில் முணுமுணுத்தேன். ஹலீனா என்னுடைய சிவப்புப் பேனையாலேயே ஒரு தாளில் சரி பிழை போட்டு, நூற்றுக்கு இருபத்தொன்பதரை என்று அறிவித்தார். விக்டர் மேசையில் தட்டினார்.

பிறகு ஹலீனா லூக்கின் பக்கம் திரும்பினார். "இந்த மாணவன் பெயில். வகுப்பேற்ற முடியாது. இன்னும் ஒரு வருடம் எங்களோடு இருந்து படிக்க வேண்டும்."

லூக் நால்வரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நால்வரும் ஒரே முகமாக இருந்தார்கள். ஸ்தோயான் மட்டும் இல்லையென்று தலையாட்டினார், அதாவது ஆமாம். லூக் சம்மதித்தார். திங்கட்கிழமை முதல் ஹலீனா பொறுப்பாளர். நான் வரிசையின் கடைசியில் டேப் ஒட்டுபவன், பகல் ஷிப்டில்.

ஒரு வருடம் என்றது ஆறு வருடம் நீண்டது. ஹலீனா புள்ளி போட்ட அந்தத் தாளை வசந்தி கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் அதென்ன என்று கேட்டால் நான் வாய்திறக்கும் முன்னரே அபி சொல்லிவிடுவாள்: "எல்லாரும் பாஸ் பண்ணி வேலை எடுப்பினம். எங்கடை அப்பா பெயில் விட்டு எடுத்தவர். இருபத்தொன்பது."

நான் மறுப்பதில்லை. அந்த அரைப் புள்ளியை மட்டும் சேர்த்துச் சொல்லச் சொல்வேன். அவள் இன்றுவரை சேர்த்ததில்லை.