மானியத்துக்கு அடங்காத டயர்கள்

அரசாங்கத் திட்டத்தில் பணம் வாங்குவதுகூடச் சுலபம். நிபந்தனைக்குப் பொருந்துகிற பொருளைத் தேடிப் பிடிப்பதற்குள் ஆயுசு பாதி போய்விடும். ஒன்றிய அலுவலகத்தில் பொறியாளராகக் காலம் தள்ளும் எனக்கு இந்த ஞானம் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே வந்துவிட்டது. வந்த விதத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு அசந்து போகிறது.

புதுச்சத்திரம் பக்கத்தில் ஓர் அங்கன்வாடி. அதன் பின்னால் ஓடைக்கரை மேடு. மழை பெய்தால் மேட்டு மண் சரிந்து நேராகச் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சமயத்தில்தான், வீணாய்ப்போன டயர்களைப் பொதுப்பணிகளில் பயன்படுத்தினால் மானியம் என்று ஒரு திட்டம் வந்தது. டயர்களை அடுக்கி, உள்ளே மண்ணை இடித்து நிரப்பினால் தடுப்புச்சுவர் ரெடி. துள்ளிக் குதித்து விண்ணப்பித்தேன். (நாமக்கல்லில் டயருக்கா பஞ்சம் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் டீ வேறு வாங்கிக் கொடுத்தேன்.) பாதிச் சுவருக்குப் பணம் வந்தது. சென்னையிலிருந்து அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் மீதிப் பாதிக்கு வரும்.

டயருக்குப் பஞ்சமில்லைதான். வீணாய்ப்போன டயர்தான் இல்லை. எங்கள் ஊரில் டயர் லேசில் சாகாது. முன்சக்கரத்தில் தேய்ந்தால் மேலே புது ரப்பர் ஒட்டி, அதாவது ரீட்ரேடிங் செய்து, பின்சக்கரத்துக்கு அனுப்புவார்கள். அங்கேயும் தேய்ந்தால் மறுபடி ரீட்ரேடிங். அதுவும் முடிந்தால் மாட்டுவண்டி, அப்புறம் தகரக் கூரை பறக்காமலிருக்க மேலே பாரம், கடைசியில் மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி. ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகக் கெஞ்சினேன். ஒரே ஒரு சைக்கிள் டயர் வந்தது. அதையும் கொடுத்தவரே சாயங்காலம் வந்து, "பையன் கேக்கறானுங்க" என்று திருப்பி வாங்கிக்கொண்டு போனார்.

வேறு வழியில்லாமல் அப்பாவிடம் போய் நின்றேன். அப்பாவுக்குச் சொந்தமாக இரண்டு லாரி. "இதுக்கா சாமி மொகம் இப்பிடி வாடிக் கெடக்குது? நான் பாத்துக்கறேன். நீ போயி சோத்தத் தின்னு" என்றார். அந்த வாரமே அவரும் அவருடைய லாரிக்காரச் சிநேகிதர்களும் டயர்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். நான் ஒரு டயரைக்கூடக் குனிந்து பார்க்கவில்லை. (தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மையில் இடி விழ.)

பாதிச் சுவர் எழும்பியது. அதிகாரி வருகிற நாளும் வந்தது. போய்ப் பார்த்தால் அப்பாவும் சிநேகிதர்களும் சலவை வேட்டி சட்டையில் வரிசையாக நிற்கிறார்கள். தட்டில் பூ, பழம், தேங்காய் வேறு.

அதிகாரி சுவரருகே குனிந்தார். ஒரு டயரின் மேல் தேயாமல் புடைத்து நின்ற ரப்பர் பட்டன்களை விரலால் தடவினார்.

"மேடம், இதெல்லாம் வேஸ்ட் டயரா?"

"சுத்த வேஸ்ட் சார்" என்றேன்.

பின்னால் ஒரு கனைப்பு. அப்பாவின் உயிர்ச் சிநேகிதர் சின்னுசாமி மாமா.

"ஏஞ்சாமி, எதைய வேஸ்ட்டுங்கற? சார், நீங்க அமுத்திப் பாருங்க. இன்னும் ரெண்டு ரீட்ரேடிங் தாங்குமுங்க. பாம்பே வரைக்கும் லோடு ஏத்திட்டுப் போலாமுங்க."

"என்னுதையும் பாருங்க சார்" என்று இன்னொருவர் முன்னால் வந்தார். ஆளாளுக்குத் தங்கள் டயரைத் தட்டிக் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நான் அப்பாவைப் பார்த்துக் கண்ணாலேயே கும்பிட்டேன். வேஸ்ட் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "எம்மக மொதமொதல்ல கட்டற செவுருங்க சார். எங்களுக்கு இது சீரு செய்யற மாதிரிங்க. சீருக்கு ஓட்டை டயரக் குடுத்துட்டு நாளைக்கு ஊருக்குள்ள தல நிமுந்து நடக்க முடியுமுங்களா?"

அதிகாரி கெட்டவர் இல்லை. பெருமூச்சு விட்டார். "இனிமே ரோட்ல ஓடாதுன்னு நான் எழுதணும் மேடம். ஒண்ணு பண்ணுங்க. மேல் வரிசையில இருக்கற டயரை மட்டும் பக்கவாட்டுல கிழிச்சு விட்டுடுங்க. போட்டோ எடுத்துட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன்."

அங்கே சாவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. ஒருவரும் அசையவில்லை. அங்கன்வாடி உதவியாளர் அக்கா மட்டும் உள்ளே போய்க் காய் நறுக்கும் கத்தியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். வருஷா வருஷம் சேற்றை அள்ளுவது அவர்தானே. மன்னிப்பு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அப்பாவின் டயரையே தேர்ந்தெடுத்தேன். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டியது. ஆனாலும் குத்தினேன்.

கத்தி வளைந்தது.

பக்கத்து வீட்டிலிருந்து அருவாள் வந்தது. ஓங்கி ஒரு வெட்டு வெட்டினேன். அருவாள் எகிறி என் நெற்றிக்கே திரும்பி வந்தது. டயரில் ஒரு கீறல் இல்லை. இரண்டாவது வெட்டுக்குப் பின்னால் யாரோ "அப்பிடிப் போடு!" என்றார்கள். (எனக்கு இல்லை, டயருக்கு.) மூன்றாவதில் சின்னுசாமி மாமா கைதட்டவே ஆரம்பித்துவிட்டார். அப்பாவும் மெல்லத் திரும்பினார். துக்கம் போய் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. "பாத்தீங்களா சார், நயம் சரக்குங்க!" என்றார். அடுத்த வெட்டில் அருவாளின் பிடி மட்டும் என் கையில் நின்றது.

அதிகாரி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு கையிலிருந்த ஃபைலை மூடினார். "இதை வேஸ்ட்டுன்னு எழுதினா என் வேலை போயிடும் மேடம்."

மீதிப் பணம் வரவில்லை. டயர்களையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், "சீரத் திருப்பி வாங்கற பழக்கம் எங்கூட்டுல இல்லீங்" என்று எல்லோரும் கோபித்துக்கொண்டார்கள். அந்த மழைக்காலம் சுவர் இல்லாத பாதி வழியாக மண் வழக்கம்போல வந்தது. வெட்கமாக இருந்தது. மண்வெட்டியோடு போய் அக்காவுடன் நானும் அள்ளினேன். அப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "ஒரு பொய் சொல்லீருக்கலாஞ் சாமி. வாய் வருலியே" என்றார், சேற்றைப் பார்த்துக்கொண்டே. அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது. வேறொரு நிதியில் கல் சுவருக்கு நான் அலைந்து முடிப்பதற்குள் இன்னொரு மழையும் வந்து போனது.

எனக்குக் கல்யாணமாகிக் குழந்தைகளும் பிறந்தாயிற்று. இன்றும் எங்கள் வீட்டில் என் கையில் யாரும் கத்தியைக் கொடுப்பதில்லை. போன கோடையில் அப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது, தர்பூசணியை அறுக்கலாமே என்று கத்தியை எடுத்தேன். என் வீட்டுக்காரர் பதறுவதுபோல் பாசாங்கு செய்து, "மாமா, உங்க மக கத்தியத் தூக்கிட்டா!" என்று கூப்பாடு போட்டார்.

அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

"பயப்படாதீங்க மாப்ள. அவ கையில எறங்காது."